மாற்றிக்கொள்ளாத ஷிப்ட்

ஊரை விட்டு வெளிநாட்டுக்கு வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்யும் பெண், அந்த வெல்டரின் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. உங்க வீட்டம்மாவுக்குப் பகல் ஷிப்ட், உங்களுக்கு ராத்திரி. ஏன் சார்?"

"இங்க நமக்குன்னு யாரும்மா இருக்கா? பையனைப் பாத்துக்க ஒருத்தர் வீட்டுல இருக்கணுமே."

"பையன் ஸ்கூலுக்குப் போயிருக்கானா?"

"இல்லம்மா. போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டான்."

அவள் பேனாவை மூடினாள். தயங்கிக் கேட்டாள்.

"அப்புறமும் ஷிப்ட் மாத்திக்கலையா?"

"மேனேஜரே மாத்தித் தரேன்னார். நாங்கதான் வேண்டாம்னுட்டோம்."

வெல்டர் வாசலைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் வீட்டுல இருக்கும்போது, பையன் அவங்கம்மாகூட வெளிய போயிருக்கான்னு நினைச்சுக்குவேன். அவ இருக்கும்போது என்கூடன்னு நினைச்சுக்குவா. ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுல இருந்தா, அவன் யார்கூட இருக்கான்னு நினைக்கிறதும்மா?"