மிளகாய்க் கூண்டுகளின் தண்ணீர்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் எலியம்மா என்று கூப்பிடும் பெண்ணுக்கு அன்று தலைகால் புரியவில்லை. மிளகாய்ச் சாறு கலந்த தீவனத்தையே ஆயுள் முழுக்கத் தின்ற அவளுடைய சுண்டெலிகளை, ஆய்வின் முடிவில் அறுத்துப் பார்த்தாகிவிட்டது. ஈரலில், குடலில், எங்கும் நோயின் ஒரு புள்ளிகூட இல்லை.

"வளர்ப்புன்னா இதுதாம்மா வளர்ப்பு!" என்றார் ஆய்வை நடத்திய டாக்டர்.

கழுவிய வெற்றுக் கூண்டுகள் அலமாரிக்குத் திரும்பின. இடப்பக்கம் சாதாரணத் தீவனம் தின்றவற்றின் கூண்டுகள், வலப்பக்கம் மிளகாய் தின்றவற்றின் கூண்டுகள். பழகிய கை சும்மா இருக்குமா? வீட்டுக்குக் கிளம்பும்போது எல்லாவற்றிலும் தண்ணீர் பாட்டிலை நிரப்பி மாட்டிவிட்டாள்.

காலையில் இடப்பக்கத்து பாட்டில்கள் நிறைந்தே இருந்தன. வலப்பக்கத்தவை காலி.

"ஒழுகியிருக்கும்மா," என்றார் கூண்டு கழுவும் அண்ணன்.

"ஒழுகினா கீழ ஈரம் இருக்கணுமேண்ணே?"

ஈரமில்லை. பாட்டில்களை நிரப்பி, பக்கம் மாற்றி மாட்டிப் பார்த்தாள். மறுநாளும் மிளகாய்ப் பக்கம்தான் காலி.

அண்ணன் கதவுப் பக்கம் நகர்ந்தார். "வேணாம்மா, ரூமைப் பூட்டிட்டு வந்துடு."

"எதுக்குண்ணே? காரம் தின்ன வாய், தாகம் எடுக்காதா? எப்பவுமே இதுங்கதான் நல்லாக் குடிக்கும். அந்தப் பக்கத்துச் சோப்ளாங்கிங்க மாதிரியா?"

பிள்ளை முதல் மார்க் வாங்கிய தாயின் பூரிப்போடு பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மாட்டினாள். எலி நக்கும்போது பாட்டிலுக்குள் குமிழி ஏறும். அதைப் பார்ப்பதில் அவளுக்கு என்றைக்குமே அலுப்பில்லை.

அவள் கையை எடுப்பதற்குள் முதல் குமிழி ஏறியது.