மொட்டைப் பதிவு

"பேரு தெரிஞ்சாகணும். தெரியாம நான் இங்கனயிருந்து நகர மாட்டேன்."

வியாபாரிகள் சங்கத்தின் காலைக் கூட்டத்தில் வேல்சாமி குதித்துக்கொண்டிருந்தார். குதிக்காமல் என்ன செய்வார்? சங்கரன்கோவில் ரத வீதியில் அவருடைய சேவுக்கடை சுற்றுவட்டாரம் முழுக்கப் பேர் போனது. அந்தக் கடையைப் பற்றித்தான் ஊர் ஃபேஸ்புக் குழுவில் யாரோ பேர் போடாமல் எழுதிவிட்டார்கள், பழைய எண்ணெயிலேயே திரும்பத் திரும்பச் சேவு பொரிக்கிறார்கள் என்று. வியாபாரம் படுத்துவிட்டது.

எழுதியது பொய்யில்லை என்பது வேல்சாமிக்கே தெரியும். அதனால்தான் கோபமும் கூடுதல்.

குழுவை நடத்துகிறவள் ஜெராக்ஸ் கடை ஜாய்ஸ். அவளும் சங்க உறுப்பினர்தான். பேரை மறைத்து எழுதினாலும் ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும். அவள் பார்த்து அனுமதித்தால்தான் பதிவே வெளியே வரும்.

ஃபேஸ்புக்குக்கு நம்ம சங்கத்தில் ஏது சட்டம் என்று யாரோ இழுத்தார்கள். தலைவர் இசக்கித்துரையா சட்டத்துக்குப் பஞ்சம் வைப்பார்? முன்பு ஒரு ஜவுளிக்கடைக்காரரைத் திட்டி மொட்டை நோட்டீஸ் அடித்துக் கொடுத்த அச்சகக்காரருக்குச் சங்கம் சொன்ன தீர்ப்பை எடுத்துவிட்டார். எழுதிக் கொடுத்த ஆளைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடித்தவரே எழுதியதாக ஒப்புக்கொண்டு சபையில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"அச்சகம்னா என்ன, போனுன்னா என்ன? நீயும் பாத்துட்டுத்தானம்மா வெளிய விட்ட? ஆளைச் சொல்லு. இல்லன்னா நீ மன்னிப்பு கேளு."

ஜாய்ஸ் வேல்சாமியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து கைகூப்பினாள்.

"நானே எழுதினதா வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

வேல்சாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனாலும் கடைக்குப் போனதும் முதல் வேலையாகச் சட்டியில் கிடந்த எண்ணெயைக் கொட்டச் சொன்னார். இன்னொரு தடவை எவனாவது எழுதித் தொலைத்தால் யார் மல்லுக்கட்டுவது?

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், நடந்ததற்கெல்லாம் கண், காது, மூக்கு வைத்து மனைவி சங்கரேஸ்வரியிடம் சொன்னார்.

"அத்தனை பேரு முன்னால அவளைக் கைகூப்ப வச்சிட்டேன்லா."

சங்கரேஸ்வரி பரிமாறுவதை நிறுத்தினாள்.

"சாயங்காலம் அவ கடைக்குப் போயி நீங்க மன்னிப்பு கேட்டுட்டு வாங்க."

"நான் எதுக்குட்டி கேக்கணும்?"

"எண்ணெயை மாத்துங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். அதான் எழுதிப் போட்டேன். அந்தப் பிள்ள என் பேரைச் சொல்லியிருந்தா, சபையில யாரு தலை குனிஞ்சிருக்கும்?"