முதுகில் ஏறும் அடுப்பு

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கசொல்லகூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டீங்க போல, சாமி," என்றார் கடைக்கார வேதாசலம், இரண்டாவது ஸ்டவ்வையும் துடைத்து மேஜைமேல் வைத்தபடி.

குருநாதன் சிரிக்கவில்லை. திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் முப்பது வருடமாகச் சமைப்பவர். மற்ற விஷயங்களில் எப்படியோ, அடுப்பு என்று வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார்.

பக்கத்தில் அவர் மகள் பார்கவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அவளோடு சேர்த்து ஆபீசில் பதினோரு பேர், சனிக்கிழமை நாகலாபுரம் காட்டுக்கு நடைப்பயணம் கிளம்புகிறார்கள். இரண்டு ராத்திரி கூடாரத்தில். அவள் தோழி மோனிஷாதான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு.

ஒரு மாதம் கெஞ்சிய பிறகு அப்பா இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனையோடு. கண்ட சாப்பாடும் கூடாது, காட்டிலேயே சமைத்துச் சாப்பிட வேண்டும். முதுகில் தூக்கிப் போகிற மாதிரி நல்ல அடுப்பு அமைந்தால் பயணம். இல்லாவிட்டால் வீடு. இன்றைக்கே வியாழன் ஆகிவிட்டது.

குருநாதன் பித்தளை பம்ப் ஸ்டவ்வை மகளின் முதுகுப் பைக்குள் வைத்தார். பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு கடை வாசலிலிருந்து டீக்கடைவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். தெருவே பார்த்தது. பார்கவிக்கு மானம் போயிற்று.

"முதுகுல குத்தறது," என்றார்.

"நான்தானேப்பா தூக்கப் போறேன்."

"அதான் பார்க்கறேன்."

திரி ஸ்டவ்வைக் காட்டினார் வேதாசலம். "இது லேசு சாமி. புகையும் வராது."

"காட்டுல காத்தடிச்சா அணைஞ்சுடும். அடுத்தது."

வேதாசலம் உள்ளே போய் உள்ளங்கை அகலத்தில் ஒரு சாமானைக் கொண்டுவந்தார். "இது பர்மா பஜார்லேர்ந்து வாங்கியாந்தது. கீழ டப்பா கேஸ். தலைல வெச்சிகினு போனாகூட கனம் தெரியாது."

பார்கவியின் முகம் மலர்ந்தது. மோனிஷா சொன்ன அடுப்பு இதேதான். இனி அப்பா என்ன குற்றம் கண்டுபிடித்துவிடுவார்?

குருநாதன் அதைப் பற்றவைக்கச் சொன்னார். குனிந்து, நெற்றியைச் சுருக்கி, நீல ஜுவாலையை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல ஒரு படி அரிசி பொங்கல் வேகுமா?"

வேதாசலம் விழித்தார். "ஒரு படியா? பாப்பா ஒரு ஆளு சாமி. மீதிய யாரு துன்றது, கரடியா?"

"வேகுமா, வேகாதா?"

"ஆங், வேகும். சனிக்கிழம வெச்சா திங்கக்கிழம எறக்கலாம்."

"அப்ப வேண்டாம்," என்றார் குருநாதன்.

பார்கவி கடைக்காரரிடம் திரும்பினாள். "அப்பாவுக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாதுங்க. போன வருஷம் அம்மாவுக்கு ஜுரம்னு ரசம் வெச்சார். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாத்துக்கும் கொடுத்தும் மீந்துபோச்சு."

வேதாசலம் வாய்விட்டுச் சிரித்தார். குருநாதன் மட்டும், "கொஞ்சமா வெச்சா ரசத்துல ருசி ஏறாது," என்று முணுமுணுத்தபடி மறுபடியும் பம்ப் ஸ்டவ்வின் மூன்று கால்களையும் ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

அதோடு பார்கவியின் பொறுமை போய்விட்டது.

"போதும்ப்பா. எனக்குப் புரிஞ்சுடுத்து. ஒண்ணு குத்தறது, ஒண்ணு அணையறது, ஒண்ணுல ஒரு படி வேகலை. எதைக் காட்டினாலும் நீங்க வேண்டாம்னுதான் சொல்லப்போறேள். போகாதேன்னு வீட்டுலயே சொல்லியிருக்கலாமே. நாளைக்கு மோனிஷாகிட்ட நான் வரலைன்னு சொல்லிடறேன்." குரல் உடைந்து, கண்ணில் நீர் முட்டியது.

வேதாசலம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, டப்பா கேஸை அணைத்தார்.

குருநாதன் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வேதாசலம், பம்ப் ஸ்டவ்வையே கட்டுங்கோ. முதுகுப் பக்கம் துண்டை மடிச்சு வெச்சுண்டா குத்தாது."

"சாமி, இத்தப் போயி பாப்பா எப்படித் தூக்கும்?"

"அவ ஏன் தூக்கணும்?" குருநாதன் சட்டைப் பையிலிருந்து கோயில் ஆபீஸ் முத்திரை விழுந்த ஒரு காகிதத்தை எடுத்து மகளிடம் நீட்டினார். கூச்சத்தில் அவர் காது சிவந்திருந்தது. "மூணு நாள் லீவு. இந்த முப்பது வருஷத்துல இதான் முதல் தடவை. மோனிஷாகிட்ட நேத்தே போன்ல பேசிட்டேன். பன்னெண்டாவது ஆளா என் பேரையும் எழுதிண்டுட்டா, சமையல் என் பொறுப்புன்னு. நடக்கறதுக்கு ஷூ மட்டும் எங்கே நன்னாயிருக்கும்னு நீ சொல்லு."