நம்மூட்டுச் சேதி

அந்த ஆண்டின் உலகச் செய்திகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் டி.வி.யில் போடப்போகிறார்கள் என்று கருப்புசாமி வெள்ளிக்கிழமையே சொல்லிவைத்திருந்தார்.

கறிச்சோறு முடிந்ததும் அன்புசெல்வி பாத்திரங்களை அப்படியே ஊறப் போட்டுவிட்டு, ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வந்து மாமனாருக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

"ஆரம்பிச்சிருச்சுங்களா மாமா?"

"இப்பத்தான் கண்ணு. இன்னும் சனவரியே தாண்டல."

திருப்பூர் வேலம்பாளையத்தின் அந்த லைன் வீடுகளில், மற்ற எல்லா வீட்டிலும் அந்நேரத்துக்குப் படம் ஓடிக்கொண்டிருந்தது. உலகச் சேதி கேட்கவென்று உட்கார்ந்திருந்த வீடு இது ஒன்றுதான்.

கருப்புசாமி முன்பெல்லாம் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சாயப்பட்டறையில் வேலை பார்த்த காலத்திலும் சரி, மனைவி உயிரோடு இருந்தபோதும் சரி, அவருடைய உலகம் கண்ணபுரம் மாட்டுச்சந்தையோடு முடிந்துவிடும்.

இந்த வருடம்தான், பிப்ரவரி கடைசியில், திடீரென்று செய்தி பார்க்க ஆரம்பித்தார்.

அன்புசெல்வி ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்து வந்த துணிகளைச் செக்கிங் பார்க்கிறாள். சாயங்காலம் வேனை விட்டு இறங்கி அவள் வீட்டுக்குள் நுழையும்போது, சொல்வதற்கு அவரிடம் ஏதாவது ஒரு சேதி தயாராக இருக்கும்.

விண்வெளியில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்த பெண் கடலில் வந்து இறங்கியதை ஒருநாள் சொன்னார். இறங்கிய இடத்தைச் சுற்றி டால்ஃபின்கள் துள்ளினவாம். அன்புசெல்வி டிபன் பாக்ஸைக்கூடக் கீழே வைக்காமல் நின்று கேட்டாள்.

மறுநாள் அவர் அதை மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது நடக்க வருகிறதா என்று கேட்டாள். அதைத் தெரிந்துகொள்ள அவர் மறுபடியும் செய்தி பார்க்க வேண்டியதாயிற்று.

அப்படியே பழக்கமாகிவிட்டது.

இப்போது டி.வி.யில் அந்தக் கடலும் வந்தது, டால்ஃபின்களும் வந்தன. மே மாதத்துப் பாகிஸ்தான் சண்டை வந்தது. அது நடந்த நாட்களில் அவர் டி.வி.யை அணைக்கவே இல்லை. அப்புறம் ஈரானில் குண்டு விழுந்தது.

அமெரிக்காக்காரன் வரியை ஏற்றிய சேதியில் திருப்பூரையே காட்டினார்கள். ஆளில்லாமல் கிடந்த தையல் மெஷின்களைப் பார்த்து, "எங்க கம்பெனியாட்டவே இருக்குதுங்க," என்றாள் அன்புசெல்வி. அந்த ஒரு சேதியை மட்டும் அவள்தான் அவருக்கு முதலில் சொன்னாள். இனிமேல் வாரத்தில் நாலு நாள்தான் வேலை என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள்.

கருப்புசாமிக்குப் பிடித்தது பாரீஸ் திருட்டு. பட்டப்பகலில் லாரி ஏணியில் ஏறி ராணிகளின் நகைகளை அள்ளிக்கொண்டு போனவர்களை நினைத்து மறுபடியும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அவள் எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள்.

உலகக்கோப்பையை வென்ற நம் பெண்கள் மைதானத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

பிறகு இசை மாறியது. 'இந்த ஆண்டு நம்மைவிட்டுப் பிரிந்தவர்கள்' என்று எழுத்து வந்தது.

கருப்புசாமியின் கை ரிமோட்டைத் தேடியது.

"இருக்கட்டுங்க மாமா."

போப்பாண்டவர் வந்தார். ஒரு விஞ்ஞானி வந்தார். பழைய நடிகை ஒருத்தி இளமைக்காலப் படத்தில் சிரித்தாள். ஒவ்வொரு முகமும் கொஞ்சநேரம் நின்று மங்கியது. இரண்டு பேரும் அசையாமல் பார்த்தார்கள்.

கடைசி முகமும் மறைந்து நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது.

"நம்மூட்டுச் சேதிய விட்டுட்டாங்க மாமா," என்றாள் அன்புசெல்வி.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரித் தொடக்கத்தில் ஒருநாள், வேலை முடிந்து பைக்கில் கிளம்பிய அவருடைய மகன் வீடு வந்து சேரவில்லை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, மாமனாரும் மருமகளும் மட்டும் மிஞ்சினார்கள். சோற்றைப் பற்றிப் பேசினாலும், குழாயில் தண்ணீர் வந்ததைப் பற்றிப் பேசினாலும், பேச்சு அவனிடம் போய் நின்றுவிடும். அவனிடம் போய் நிற்காத பேச்சைத் தேடித்தான் அவர் விண்வெளிக்கும் ஈரானுக்கும் பாரீசுக்கும் போய்வந்துகொண்டிருந்தார்.

அவளும் அது தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கருப்புசாமி டி.வி.யை அணைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முகிலன்," என்றார். "வேலம்பாளையம். வயசு முப்பத்தொண்ணு."

அவன் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"முப்பதுங்க மாமா," என்றாள் அவள். "மாசி வந்திருந்தாத்தானுங்க முப்பத்தொண்ணு."

"ஆமா கண்ணு. முப்பது."

அன்புசெல்வி பாயில் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அமராவதி ஆத்த நீந்தியே தாண்டிருவேன்னு எங்கிட்டச் சொல்லுவாருங்க."

"அவனா?" கருப்புசாமி இப்போதுதான் முழுசாக அவள் பக்கம் திரும்பினார். "தொட்டித் தண்ணிக்குள்ள எறங்கறதுக்கே என்ற கையப் புடிச்சுக்குவான் கண்ணு!"

அன்புசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். அழுகையில் பேச்சு வராமல், மேலே சொல்லுங்க என்று அவரிடம் கையைக் காட்டினாள்.