வெளிப்பக்கத்துக் கைப்பிடி

நீராவி ரயில் தண்ணீர் பிடிக்க நின்றிருக்கிறது. சுற்றுலாவுக்காகப் பழுது பார்த்து மெருகேற்றிய இந்தப் பழைய பெட்டியின் குட்டி அறையில் நானும் கணவரும் மட்டும். கரி விழுமென்று ஜன்னல் கண்ணாடியைத் தோல் வாரால் மேலே இழுத்து, வாரை ஆணியில் மாட்டி மூடி வைத்திருக்கிறார். கண்ணாடிக்கு அப்பால், நடைமேடையில், ஒரு பெண் தனியாக நின்று அவசரமே இல்லாமல் ஐஸ்கிரீம் தின்கிறாள். "உன் லேப் மேனேஜருக்கு நானே மெசேஜ் போட்டுட்டேன், திங்கக்கிழமைலேர்ந்து நீ வரலைன்னு. உனக்கெதுக்கு வீண் அலைச்சல்?" என்கிறார், பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தபடி. நான் எழுந்து கதவைத் தடவுகிறேன். மரம் வழவழவென்று இருக்கிறது, பிடிக்க ஒன்றுமில்லை. "அந்தக் காலத்துக் கதவு. கைப்பிடி வெளியில மட்டும்தான். எவ்வளவு யோசிச்சு செஞ்சிருக்கான் பாரு!" தோல் வாரை ஆணியிலிருந்து கழற்றி விடுகிறேன். கண்ணாடி தடாலென்று இறங்குகிறது; புகை உள்ளே பாய்ந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் கரிப்பொட்டு வைக்கிறது. "ஏய், மூடு!" தோள்வரை கையை வெளியே விட்டுத் துழாவுகிறேன். வெயிலில் காய்ந்த பித்தளை சுடுகிறது. அதை இறுகப் பற்றும்போது விசில் ஊதுகிறது. பச்சைக் கொடியோடு ஓடி வருகிறார் கார்டு. "கையை உள்ள எடுங்கம்மா, அடிபட்டுடும்" என்று என் விரல்களைப் பரிவோடு ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே விடுகிறார். பிறகு, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார்.