ஊர்க் கிணறு

தோல் பதனிடும் ஷாப்பின் கழிவு ஊறி ஊறிச் சேரிக் கிணறு கெட்டுப்போய் வருஷக்கணக்காகிவிட்டது. சவுரியம்மாளின் மகள் ஞானத்துக்கு வயிறு ஊதி, கைகால் சூம்பி, எழுந்து நடக்கவே முடியவில்லை. "நல்ல தண்ணி குடுத்தாத்தான் பிழைப்பா" என்று டாக்டரம்மா கைவிரித்துவிட்டார்.

நல்ல தண்ணீர் ஊர்க் கிணற்றில் இருந்தது. அதைச் சேரி ஆட்கள் தொடக்கூடாது. மணியக்காரர் ஆதிகேசவனிடம் சவுரியம்மாள் கெஞ்சாத நாளில்லை.

அன்று காலை தலையாரி வேலு சேரிக்கு வந்தான்.

"இனிமே ஊர்க் கிணத்துல நீங்களும் எடுத்துக்கலாமாம். மணியக்காரரே சொல்லிட்டாரு."

சவுரியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நீரை இறைத்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். சேரித் தண்ணீருக்குப் பழகிய நாக்குக்கு அது இளநீராக இனித்தது.

கூடவே வந்த வேலுவிடம் கேட்டாள்: "இன்னா தலையாரியாரே, ஊர்ச் சனம் ஒருத்தரையும் காணோம்? நாங்க தொட்ட தண்ணின்னு வரலியா?"



"அவங்க மலையோரமா புதுக் கிணறு வெட்டிட்டாங்கம்மா. இதுலயும் ஷாப்புத் தண்ணி எறங்கிடுச்சு. மணியக்காரர் பேரனுக்கே வயிறு ஊத ஆரம்பிச்சிடுச்சு."

நிறைந்த குடம் இடுப்பில் கனத்தது.

"அந்தப் புதுக் கிணத்துல நாங்க..." என்று ஆரம்பித்தாள்.

வேலு தலையைக் குனிந்துகொண்டான்.

குடத்தைக் கவிழ்த்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஞானம் விடிந்ததிலிருந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். சவுரியம்மாள் ஒரு சொட்டும் சிந்தாமல் வீட்டுக்கு நடந்தாள்.