மலை தெரியுதா?

"மாப்ள, அந்த மலையைக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லு!"

மச்சான் காதோரம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மாப்பிள்ளைக்கு நெற்றியில் வியர்த்தது. திரையில் கடல் இருந்தது, துறைமுகம் இருந்தது, ஊர் இருந்தது. ஊருக்குப் பின்னால் இருக்கவேண்டிய மலையை மட்டும் காணோம். விமானம் கிட்டே போனதும், தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி திடுக்கென்று முன்னால் வந்து நின்றது.

விமானி இருக்கையில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"இந்த மலை இப்பத்தான் முளைச்சுதா?"

"இல்ல மேடம், முன்னாடியே இருக்கு. கம்ப்யூட்டர் வரையறதுக்குக் கொஞ்சம் லேட்டாகுது."

பைலட்டுகள் பழகுவதற்கான இயந்திரத்தை மாமனார் வீட்டு மாடியில் இரண்டு பேருமாகச் செய்திருந்தார்கள். இரும்பு வேலையும் வயர் வேலையும் மச்சானுடையது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் உலகம் முழுக்க மாப்பிள்ளையின் கைவண்ணம். இதுவரை வந்து பார்த்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனதோடு சரி. இன்றைக்கு வந்திருப்பது ஒரு விமான நிறுவனத்தின் பயிற்சித் தலைவி. இவரும் வேண்டாமென்று சொல்லிவிட்டால் திங்கட்கிழமை முதல் இருவரும் மாமனாரின் டயர் கடையில் உட்காரவேண்டும். மாமனார் இரண்டு நீலச் சட்டைகள் தைத்து, தேய்த்து, தயாராக மாட்டி வைத்திருந்தார்.

அம்மாள் கறாரான ஆள். வெளியே வெயில் கொளுத்துகிறது. அவரோ தடித்த கம்பளிக் கோட்டோடு வந்து, அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் விமான நிலையத்தைக் காட்டட்டும் என்று கேட்டதற்கு, "உங்ககிட்ட இருக்கறதைக் காட்டுங்க" என்றதோடு வாயை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை பேச்சை மாற்றினார்.

"மேடம், இடது பக்கம் கீழே பாருங்க. மொட்டை மாடியில துணி காயுது. ஒவ்வொண்ணும் நானே காயப்போட்டது. காத்தடிச்சா ஆடும்."

"பைலட் எதுக்குங்க துணியைப் பாக்கணும்?"

"ஒரு தத்ரூபத்துக்காக மேடம். அந்தப் பக்கம் மாடு நிக்குது. வாலைக்கூட ஆட்டும்."

"எங்க பசங்க பிளேன் ஓட்டத்தான் போறாங்க. மாடு மேய்க்க இல்ல."

மச்சான் கூரையைப் பார்த்தார்.

"எவ்ளோ தூரம் வரைக்கும் தெரியும் இதுல?" என்றார் அம்மாள்.

"இருபது கிலோமீட்டர் மேடம்!"

உதட்டைப் பிதுக்கினார்.

"முப்பதாக்கலாம் மேடம்!"

தலையை ஆட்டினார். அது வேண்டும் என்ற ஆட்டல் இல்லை என்பது சின்னக் குழந்தைக்கும் புரியும்.

"அவங்களுக்கு இன்னும் தூரம் வேணும் போலிருக்கு. ஏத்துடா!" என்று மச்சான் மாப்பிள்ளையின் முதுகில் குத்தினார்.

"மெஷின் தாங்காது மச்சான்."

"நாளன்னைக்கு டயர் தூக்கறப்போ நீ தாங்குவியா?"

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அளவை ஒரேயடியாகக் கடைசிவரை தள்ளினார்.

கம்ப்யூட்டர் ஊளையிட்டது. திரையில் மலை வந்தது, அதன் பின்னால் இன்னொரு மலை வந்தது, அதற்கும் பின்னால் ஒன்று. அடுத்த நொடி எல்லாம் போயிற்று. மலை இல்லை, கடல் இல்லை, ஊர் இல்லை. ஆசை ஆசையாகக் காயப்போட்ட துணியும் இல்லை. சாம்பலைக் கரைத்து ஊற்றிய மாதிரி, எங்கே பார்த்தாலும் ஒரே வெளுப்பு.

"போச்சு" என்றார் மச்சான், சத்தம் வராமல்.

"மேடம், ஒரு நிமிஷம்... எந்திரிங்க, நான் வந்து..."

"யாரும் எதையும் தொடாதீங்க!"

அம்மாள் போட்ட அதட்டலில் மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். அம்மாள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கண்கள், முன்னாலிருந்த மீட்டர் முட்களுக்கும் வெறும் திரைக்குமாகப் போய்ப் போய் வந்தன. விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. கடைசிக் கணத்தில், மூக்குக்கு நேர் கீழே, ஓடுபாதை விளக்குகள் நாலைந்து மங்கலாகத் தெரிந்தன. அவ்வளவுதான். சக்கரம் தரையைத் தொட்டது.

மச்சான் மனசுக்குள் நீலச் சட்டையைப் போட்டுப் பொத்தானையும் மாட்டிவிட்டார்.

அம்மாள் மெல்ல எழுந்தார். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போன இடத்துல எல்லாம் நீல வானத்தைக் காட்டியே என்னைக் கொன்னுட்டாங்க" என்றார். "எங்க ஏர்போர்ட் மலை உச்சியில இருக்கு. பாதி நாள் பனி மூடி ரெக்கை நுனிகூடத் தெரியாது. விளக்கு தெரியற அந்த ஒரு நொடியில, இறங்கறதா மேல ஏறறதான்னு பசங்க முடிவு பண்ணணும். அதைப் பழகத்தான் மெஷின் தேடிட்டிருந்தேன். இதேதான் எனக்கு வேணும். அச்சு அசல் எங்க ஊர்! மூணு மெஷின் குடுங்க."

மாப்பிள்ளை பூரித்துப்போய், பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போடக் கையை நீட்டினார்.

மச்சான் பாய்ந்து வந்து அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார்.

"சாமி, நீ நல்லா இருப்பே... சரி மட்டும் பண்ணிடாதே!"